குறுகலான வீட்டுக்கு ஏற்ற துப்பாக்கி

லைல் ஒரு துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் யோசித்தான். கல்யாணத்துக்கு முன்னால் தானும் இதில் பாதியாவது யோசித்திருக்கலாம் என்று வெர்னா நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. மான் சுட ஒன்று, வாத்து சுட ஒன்று, அவன் அப்பா விட்டுப்போனது ஒன்று, எதற்கு வாங்கினோம் என்று அவனுக்கே மறந்துபோனது ஒன்று. அதெல்லாம் காட்டுக்கு ஆகுமே தவிர வீட்டுக்குள் நுழைகிறவனைச் சமாளிக்க உதவாது என்றான். அதிலும் இது டிரெய்லர் வீடு. ரயில் பெட்டி மாதிரி நீளம். ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய நடை, அதன் கடைசியில் ஓர் அறை. அந்த அறையில்தான் மகள் டெஸ்ஸா கைக்குழந்தையோடு ஒளிந்திருந்தாள்.

அவள் புருஷன் டரெல் அவளைச் சுவரோடு அழுத்திக் கழுத்தை நெரித்தவன். கிட்டே வரக்கூடாது என்று நீதிபதி போட்ட உத்தரவைக் கசக்கி அவள் கார்க் கண்ணாடியில் செருகிவிட்டுப் போனவன். அவனுக்குப் பயந்து மாநிலம் விட்டு மாநிலம் வந்திருந்தாள் டெஸ்ஸா. லைலும் வெர்னாவும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மிசூரி மாநிலத்தில் இந்த ஏரிக்கரைக்குக் குடிவந்துவிட்டார்கள். எந்த ஏரி, எந்த ஊர் என்பது டரெலுக்குத் தெரியாது. வெர்னா சர்ச்சில்கூட மகள் வந்திருப்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. டெஸ்ஸாவும் குழந்தையும் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்றால் அவனுக்கு இடம் தெரியாது என்ற அந்த ஒரே தைரியத்தில்தான்.

லைலுக்கு அது ஒரு பாதுகாப்பாகவே படவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பதில் ஆம்பிளைக்கு என்ன வேலை இருக்கிறது?

முதலில் டுவெய்னின் துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். அங்கே கண்ணாடி மேஜைமேல் சாய்ந்துகொண்டு காலையிலிருந்து காபி குடிப்பதையே ஒரு கூட்டம் பிழைப்பாக வைத்திருந்தது. அதில் ஒருவன் வீட்டிலும் இதுவரை ஒரு கோழிகூடத் திருடு போனதில்லை. ஆனாலும் ஆளுக்கொரு தீர்ப்பு. ஷாட்கன்னில் தோட்டா ஏற்றுகிற சத்தம் கேட்டாலே திருடன் பேண்ட்டை நனைத்துவிடுவான் என்றார் ஒருவர். கைத்துப்பாக்கிதான் நல்லது, இன்னொரு கையில் போன் பிடிக்கலாம் என்றார் மற்றொருவர். ரைபிள் இல்லாத வீடு வீடே இல்லை என்றான் ஒரு தாடிக்காரன். இத்தனை பேச்சிலும் டெஸ்ஸா என்ற பெயரை ஒருத்தரும் எடுக்கவில்லை. லைலும் எடுக்கவில்லை. அவன் கண் பளபளவென்று இருந்தது. பெண்ணுக்கு வந்த ஆபத்து தனக்கு வந்த திருவிழா என்பதுபோல அவன் நின்றான்.

வெர்னா டுவெய்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எங்க வீட்டுச் சுவரு விரலால குத்துனா ஓட்டை விழும். அந்தப் பக்கம் குழந்தை படுத்திருக்கு. உங்க குண்டு அதைப் பாத்து நிக்குமா?"

அதற்கென்று தனித் தோட்டா இருப்பதாக டுவெய்ன் சொன்னான். குழந்தையிடம் பேசுகிற குரல். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து ரோஸ் நிறப் பிடி போட்ட ஒரு சின்னத் துப்பாக்கியை எடுத்து அவள் முன்னால் வைத்தான். பெண்கள் இதைத்தான் விரும்புகிறார்கள் என்றான். வெர்னா காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் ஒத்திகை ஆரம்பமாயிற்று. எந்த நீளம் நடைக்குள் திரும்பும் என்று பார்க்க லைல் தரை துடைக்கிற கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, தொப்பையை எக்கி, பக்கவாட்டில் அடிமேல் அடி வைத்து வந்தான். குளியலறைக் கதவுக்கும் துணி துவைக்கிற மெஷினுக்கும் நடுவில் கட்டை மாட்டிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. குழந்தை வீறிட்டது. டெஸ்ஸா சிரித்துவிட்டாள். இங்கே வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்காக வெர்னா அவனை அன்று மாலைவரை மன்னித்திருந்தாள்.

அதன்பின் அவன் போனும் கையுமாகத் திரிந்தான். திடீரென்று ஒருநாள் கடைக்குப் போய், குட்டைக் குழாய் வைத்த ஷாட்கன் ஒன்றோடு திரும்பினான். மறுநாள் காலை பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, அது மேஜைமேல் படுத்திருந்தது. டுவெய்னுக்கு ஒன்றும் தெரியாது, போனில் துப்பாக்கிக்காரர்கள் குழு ஒன்று இருக்கிறது, அதில் கேட்டுத்தான் வாங்கினேன் என்று பெருமையோடு போனை நீட்டினான்.

வெர்னா வாங்கிப் பார்த்தாள். நடையைப் படம் பிடித்துப் போட்டிருந்தான். வீட்டின் வரைபடத்தைத் தன் கையாலேயே போட்டு, கடைசி அறையில் சிவப்பு மையால் வட்டமிட்டு, மகளும் பேத்தியும் இங்கே தூங்குகிறார்கள் என்று எழுதியிருந்தான். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று காட்ட சமையலறை ஜன்னல் வழியாக ஒரு படம். அதில் படகுத்துறைப் பெயர்ப் பலகை. ஏரியின் பெயர் படிக்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தது.

கீழே ஊர்ப்பட்ட பதில்கள். அவள் விரல் ஒரு பெயரில் நின்றது.

"லைல், இங்க டரெல்னு இருக்கே, யாரு இது?"

லைல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். நல்லாச் சுடுகிற மாப்பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில், கல்யாணமான புதிதில் அவனைக் குழுவில் சேர்த்துவிட்டதே லைல்தான். அதை மறந்துபோயிருந்தான்.

"பேரை யாரு பாத்தா?" என்றான். "சொன்ன விஷயம் சரியா இருந்துச்சு."

சரியாகத்தான் இருந்தது. அந்த நடைக்கு நீளக் குழாய் ஆகாது, குட்டையாக வாங்குங்கள் என்று டரெல் எழுதியிருந்தான். பிறகு, கடைசி அறைக் கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா என்று கேட்டிருந்தான். உள்ளே திறக்கும், தாழ்ப்பாள் சரியில்லை, மாற்ற வேண்டும் என்று லைல் பதில் சொல்லி, கூடவே ஒரு நன்றியும் போட்டிருந்தான். அது நேற்றைக்கு முந்தின நாள்.

வெர்னாவின் தோளுக்குப் பின்னால் நின்று டெஸ்ஸாவும் படித்தாள். பால் புட்டியைக் கழுவினாள், மூடினாள், அறைக்குப் போய்ப் பையை எடுத்தாள். வெர்னாவுக்கு அந்த மேஜையை அப்படியே லைல் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் அதற்கு நேரமில்லை. ஷெரிஃப் ஆபீஸ் போலீசுக்கு வழியில் போன் பண்ணிக்கொள்ளலாம் என்று கார்ச் சாவியை எடுத்தாள்.

"வரட்டுமே," என்றான் லைல், துப்பாக்கியைத் தட்டிக்கொடுத்தபடி. "நம்மகிட்டதான் இப்ப சரியான சாமான் இருக்கே."

டெஸ்ஸா குழந்தையோடு வாசலில் நின்றாள்.

"எது சரின்னு அவன்தானேப்பா உங்களுக்குச் சொன்னான்?"

லைல் துப்பாக்கியைப் பார்த்தான், போனைப் பார்த்தான். இரண்டையும் எடுத்துக்கொண்டு காலுறையோடு படியிறங்கி ஓடிவந்தான். அதற்குள் குழந்தையைப் பின்சீட்டில் வைத்துக் கட்டியாயிற்று. கார் கிளம்புகிற நேரத்தில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டான்.

"வெர்னா, எங்க போறீங்கன்னாவது சொல்லிட்டுப் போ."

"உன்கிட்டயா?" என்றாள் வெர்னா.