முளைத் தொட்டியில் மூச்சு

மூச்சை அடக்கிக்கொண்டு லியோனி தொட்டிக்குள் குதித்தாள். முழங்கால்வரை ஈரப் பார்லி. அதில் முகம் புதைந்து கிடந்தான் கிளெம். அவன் அக்குளில் அவள் கைகொடுத்துத் தூக்க, மேலிருந்து நாங்கள் இழுத்தோம். பீருக்குப் பார்லி முளைகட்டும் எங்கள் பல்லாரட் ஆலையின் விடியற்குளிரில், சிமெண்டுத் தரையில் கிடந்தவனுக்கு உதடு நீலம். இருமினான். உயிர் இருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகுதான் உறைத்தது. பக்கத்துத் தொட்டிகளின் விசிறிகள் இரைந்தன. இந்தத் தொட்டியின் விசிறி மட்டும் ஊமை.

முளைக்கும் பார்லி நம்மைப் போலவே மூச்சுவிடும்; விடவிட அதன் எடை குறையும். அது கக்கும் கரியமில வாயுவை விசிறி வெளியே தள்ளாவிட்டால், தானியத்தின் மேலேயே கனத்துப் படுத்துக்கிடக்கும். எங்களுக்கோ மண்டியிட்டு, பார்லியில் மூக்கைப் பதித்து முகரும் பழக்கம். வெள்ளரிக்காய் வாசம் வந்தால் உள்ளே நொதிகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று அர்த்தம். கிளெம் அந்த வாசத்துக்குத்தான் குனிந்திருக்கிறான்.

முதலாளி கார்மோடி வந்தார். பின்னாலேயே மேற்பார்வையாளர் விக். முதலாளி தும்முவதற்கு முன்பே கைக்குட்டை நீட்டுகிற மனிதர். கார்மோடி சொன்னார்: விசிறி தானாக நின்றதாம். குனிந்தது கிளெமின் முட்டாள்தனமாம். பிழைத்து வந்தாலும் அவனுக்கு இங்கே வேலை இல்லையாம்.

"நின்னு வேடிக்கை பார்க்காம இதைச் சூளைக்கு மாத்துங்க. இன்னைக்குக் காய வைக்கலேன்னா நொதி மாவையெல்லாம் தின்னு தீர்த்துடும். அப்புறம் மாட்டுக்குத்தான் போடணும்."

"தெரியும் பாஸ்." லியோனி ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தாள். "அதான் உக்காந்துட்டோம்."

மண்வெட்டிகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. கிளெமுக்கு வேலை வேண்டும்; விசிறி ஓடாத தொட்டியில் இனி ஒருவரும் கால் வைக்க மாட்டோம் என்றோம். வெளியாட்களைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று கார்மோடி உறுமினார்.

"மூச்சுவிடாத ஆளாப் பார்த்துக் கூட்டிட்டு வாங்க," என்றாள் லியோனி.

யாரும் சிரிக்கவில்லை. தொட்டியிலிருந்து சூடு ஏறிக்கொண்டிருந்தது. கார்மோடி விக்கைப் பார்த்தார். விக் தொப்பியைக் கழற்றினார். எங்கள் பக்கம் நடந்து வந்து லியோனியின் அருகில் வெறுந்தரையில் உட்கார்ந்தார்.

"விசிறி தானா நிக்கல," என்றார், கார்மோடியைக் கைகாட்டி. "இவர் சொல்லித்தான் ராத்திரி ராத்திரி நிறுத்தி, நீங்க வர்றதுக்கு முன்னாடி போட்டுடுவேன். போலீஸ், கோர்ட்டு, எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன். இன்னைக்கு விடிஞ்சும் போட வேணாம்னு சொன்னது இவர்தான். பார்லிக்கு மூச்சு முட்டினா எடை குறையாதாம்."