முழு நிமிஷம்

மூச்சை எண்ணுவதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் கேட்டார்கள். ஆமையக்காவின் புருஷனும் கேட்டார். கேட்ட கையோடு அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டாள். "சும்மா படுங்க, உங்க மூச்சை எண்ணப்போறேன்" என்று சொன்னதுதான் தாமதம், மனுஷன் மூச்சு விடவே மறந்துபோனார். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் யாருக்கும் மூச்சு இயல்பாக வராது. அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மட்டும் நைசாக நெஞ்சுப் பக்கம் ஓட்ட வேண்டும். முழுசாக ஒரு நிமிஷம். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்குகிறவர்களும் உண்டு. அக்கா அந்தக் கட்சி இல்லை.

அக்காவுக்கு வயது நாற்பத்திரண்டு. சமுதாயக் கல்லூரியில் பிராக்டிகல் நர்ஸ் என்கிற ஒரு வருஷப் படிப்பு. கூடப் படிப்பதெல்லாம் பத்தொன்பது, இருபது வயசுப் பெண்கள். எதையும் நிதானமாகச் செய்கிறாள் என்று 'ஆமையக்கா' பட்டம் கட்டியவர்களும் அவர்களே. அக்கா கோபப்படவில்லை. "ஆமைக்கு ஆயுசு கெட்டிடி" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

படிக்க வருமுன் பதினொரு வருஷம் அவள் அதே ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் வார்டைத் துடைத்தாள். ஒருநாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "கடைசிக் கட்டில்காரருக்கு மூச்சு ஒரு மாதிரி இருக்கு சிஸ்டர்" என்றாள். அன்று வேலையில் இருந்த நர்ஸ், "நீ தரையைப் பாரு" என்றாள். மறுநாள் காலை அந்தக் கட்டில் காலி. அதன் அடியிலும் அக்காதான் துடைத்தாள். கண்ணால் பார்த்துச் சொன்னால் துடைக்கிறவள் பேச்சு, எண்ணிச் சொன்னால் நர்ஸ் பேச்சு என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. பள்ளிக்கூடச் சான்றிதழைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு கல்லூரி வாசலில் போய் நின்றாள்.

ஒரு வருஷம் தலையால் தண்ணீர் குடித்துப் படித்தாள். எழுத்துத் தேர்வெல்லாம் நல்ல மார்க். மாட்டிக்கொண்ட இடம் கடைசிச் செய்முறைத் தேர்வு. எட்டு நோயாளிகளுக்குக் காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் பார்த்து நாற்பது நிமிஷத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும். முதல் முறை ஆறு பேரை முடித்தாள். இரண்டாம் முறை ஏழு. மூன்றாம் முறையும் தவறினால் படிப்பை விட்டே வெளியே போக வேண்டியதுதான், கல்லூரிச் சட்டம் அது.

அந்த மூன்றாம் நாள் விடியற்காலையில் அவள் புருஷன் வெள்ளைச் சீருடையை இஸ்திரி போட்டார். பஸ் மெக்கானிக் அவர். கிரீஸ் பட்டுவிடக்கூடாதே என்று மூன்று தடவை கை கழுவிவிட்டுத்தான் துணியைத் தொட்டார். "தோத்துட்டு வந்தாலும் கதவு திறந்துதான் இருக்கும்" என்றார். ஒரு நொடி யோசித்து, "ஆனா ஜெயிச்சுட்டே வா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அக்கா முன்பு துடைத்த அதே வார்டில்தான் தேர்வு. வாசலில் டீச்சர் நின்றாள். அக்காவைவிடப் பதிமூன்று வயது சின்னவள். "அக்கா, உங்க கால்ல வேணா விழறேன், எட்டையும் முடிச்சிடுங்க. என் கையால பெயில் போட வெக்காதீங்க."

"பதறாத காரியம் சிதறாது டீச்சர்" என்றாள் அக்கா. வாய்தான் அப்படிச் சொன்னது, உள்ளுக்குள் திக் திக்கென்றிருந்தது.

ஏழு ஐம்பதுக்கு ஆரம்பித்தாள். மூன்று கட்டில் சரியாகப் போயிற்று. நாலாம் கட்டிலில் ஓய்வு பெற்ற தபால்காரர். தொடை எலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி மூன்று நாள். வார்டுக்கே சிரிப்புக் காட்டுகிற மனுஷன்.

"எத்தனை நாய்... துரத்தியிருக்கு என்னை... இந்த ஊசிக்கா... பயப்படுவேன்?"

அக்கா சிரித்தாள், ஆனால் அவர் ஏன் இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிற்கிறார் என்று அவள் மனசு கேட்டது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைப் பார்த்தாள். முப்பது. தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்று. ஆரோக்கியமானவருக்கு இருபதைத் தாண்டாது. காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தமும் சரி. அட்டையைப் பார்த்தால் ராத்திரி முழுக்கப் பதினெட்டு, பதினெட்டு, பதினெட்டு. பக்கத்துக் கட்டில் அட்டையிலும் பதினெட்டு. அந்த வார்டில் இருபது கட்டிலுக்கும் ஒரே மூச்சுதான் போங்கள்! காய்ச்சலுக்கு மெஷின் உண்டு, ரத்த அழுத்தத்துக்கு மெஷின் உண்டு. மூச்சுக்கு மட்டும் ஒருத்தர் நின்று எண்ண வேண்டும். யார் நிற்பது?

பெரிய சிஸ்டரிடம் ஓடினாள். அந்த வார்டை இருபத்தைந்து வருஷமாகக் கட்டி ஆள்கிறவர் அவர்.

"நாலாம் கட்டிலுக்கு மூச்சு முப்பத்தொண்ணு சிஸ்டர்."

"காய்ச்சல்?"

"இல்ல."

"ஆக்சிஜன்?"

"விரல் மெஷின்ல தொண்ணூத்தி நாலு."

"அது போதும். நீ எண்ணினதுல ஏதோ தப்பு. போய் மிச்சத்தை முடி, உனக்குத்தான் நேரமாகுது."

மணி எட்டு பதிமூன்று. இன்னும் நாலு பேர். அட்டையில் முப்பத்தொன்று என்று எழுதிவிட்டு ஐந்தாம் கட்டிலுக்கு நகர்ந்திருந்தால் யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. சிஸ்டரிடமும் சொல்லியாயிற்று. ஐந்தாம் கட்டிலுக்கு இரண்டே எட்டு. அக்காவுக்கு அழுகை வந்தது, காலோ நகரவில்லை. தபால்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டு அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

"நீங்க வந்து ஒரு நிமிஷம் எண்ணுங்க சிஸ்டர். அதுவரைக்கும் நான் இங்கேருந்து அசைய மாட்டேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. பெரிய சிஸ்டர் முகம் கடுகடுக்க வந்து, தபால்காரரின் கையை வெடுக்கென்று பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி நிமிஷத்தில் அந்தக் கடுகடுப்பு போய்விட்டது. முழு நிமிஷமும் முடிந்தபோது குரல் இறங்கியிருந்தது.

"முப்பத்திரண்டு. டாக்டரைக் கூப்பிடு."

டாக்டர் வந்தார், கட்டில் ஸ்கேன் அறைக்கு உருண்டது. காலில் உறைந்த ரத்தக்கட்டி ஒன்று நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தது. மருந்து உடனே ஏறியது. "நல்ல நேரத்துல பிடிச்சீங்க. மத்தியானம்வரை விட்டிருந்தா ஆள் கையை விட்டுப் போயிருப்பார்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

எட்டரை தாண்டி வெகுநேரம். டீச்சர் மதிப்பெண் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அக்காவே சொன்னாள்: "நாலுதான் முடிச்சேன் டீச்சர். எழுதிடுங்க." ஒன்று சொல்கிறேன், அவள் தலை குனியவில்லை.

"இருங்க" என்றார் பெரிய சிஸ்டர். "எட்டு பேருக்கு ஒழுங்கா எண்ணினா எவ்வளவு நேரம் ஆகும்னு எனக்கே தெரியல. நான் எண்ணி எத்தனையோ வருஷமாச்சு. டீச்சர், கடிகாரத்தைப் பிடிங்க."

ஒன்பதாம் கட்டிலில் தொடங்கினார். கை கழுவி, காய்ச்சல் பார்த்து, நாடி ஒரு நிமிஷம், மூச்சு ஒரு நிமிஷம், ரத்த அழுத்தம், எழுத்து. மாணவிகள் பின்னாலேயே போனார்கள். பதினாலு, இருபத்திரண்டு, பதினாறு, இருபது. எட்டு பேரில் ஒருத்தருக்குக்கூடப் பதினெட்டு இல்லை. பதினாறாம் கட்டிலில் அவர் நிமிர்ந்தபோது நெற்றியெல்லாம் வேர்வை.

"நாற்பத்தொன்பது நிமிஷம்" என்றாள் டீச்சர்.

இருபத்தைந்து வருஷ அனுபவம்! யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒரு பெண் வாய் தவறி, "அப்போ நாங்க எல்லாம் எப்படி நாற்பதுல முடிச்சோம்?" என்றாள். எல்லாருக்கும் பதில் தெரியும். டீச்சருக்கும் தெரியும், அவளும் அதே தேர்வை எழுதி வந்தவள்தானே. முகம் சிவந்து புத்தகத்தைத் திறந்தாள். 'கொடுத்த நேரம் போதாது. தவறு எங்களுடையது. இவர் தேர்ச்சி' என்று எழுதினாள். கீழே பெரிய சிஸ்டர் கையெழுத்துப் போட்டார்.

அக்கா அப்போதுதான் அழுதாள். விக்கி விக்கி, மூக்கைச் சிந்தி, கொஞ்சமும் வெட்கப்படாமல் அழுதாள்.

நோயாளியின் அட்டையில் மாணவிகள் கையெழுத்துப் போடுவது வழக்கமில்லை, அது வார்டு நர்ஸ்களுடையது. பெரிய சிஸ்டர் தபால்காரரின் அட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் விரித்தார். 'எட்டு பதிமூன்று, மூச்சு முப்பத்தொன்று' என்று அக்கா எழுதியிருந்த வரிக்கு எதிரே கையெழுத்துக் கட்டம் காலியாக இருந்தது. தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

"எண்ணினது நீங்க. நீங்கதான் போடணும்."

பதினொரு வருஷம் அந்த மேஜையின் காலைத் துடைத்தவள் அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு, தன் பெயரை இனிஷியலோடு முழுசாக எழுதினாள்.