ஏழு மணிக்கு வரும் போன்

போனில் முதல் மணி அடித்ததுமே சமையலறையில் இருந்த பெண்கள் எல்லோரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஏழு. வெர்னெட்டா ஒரு மக்ரோனித் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி, அடியில் யார் பெயர் ஒட்டியிருக்கிறது என்று படித்துக்கொண்டிருந்தாள். துக்க வீட்டுக்கு வரும் தட்டுகளைச் சரியான ஆளுக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால் இந்த ஊரில் பத்து வருஷத்துக்குப் பேச்சு ஓயாது. தட்டைக் கீழே வைத்துவிட்டு உதட்டில் விரலை வைத்தாள். மவுண்ட் நெபோ சபைப் பெண்களை வாயடைக்க வைப்பது பாஸ்டராலேயே ஆகாத காரியம். அன்றைக்கு அடங்கினார்கள்.

போன் நடையில், அப்பாவின் அறை வாசலை ஒட்டிச் சுவரில் இருந்தது. அதற்குக் கீழே அவருடைய நாற்காலி. ஏழு மணி போனுக்கு அவரைத் தவிர யாரும் கை நீட்ட மாட்டார்கள். வெர்னெட்டா திறந்திருந்த கதவு வழியே விரிப்பு உருவிய கட்டிலைப் பார்த்தபடி போனை எடுத்தாள்.

குரல் நடுங்கிவிடக் கூடாது என்று சத்தமாகவே பேசினாள். "என்னடா கெல்வின், சாப்பிட்டியா?"

"அப்பா எங்கக்கா?"

"தூங்குறாரு. மாத்திரை போட்டாரு, அசந்துட்டாரு. எழுப்பட்டுமா?"

ஏன் அப்படிக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் இப்படித்தான், தேவைக்கு மேல் ஒரு பிடி போட்டுவிடுவார்கள். அந்தப் பக்கம் விடுதித் தாழ்வாரத்தில் வேறு யாரோ சிரித்துக்கொண்டு போனது கேட்டது.

"வேணாம். எழுப்பாதே," என்றான் கெல்வின். "புத்தகம் இருக்குன்னு சொல்லு."

"சொல்றேன்," என்று போனை வைத்தாள். அவர்களுடைய அப்பா எல்பர்ட் டாலிவர் செத்து ஒன்பது மணி நேரம் ஆகியிருந்தது.

கெல்வினுக்கு இருபத்திரண்டு வயது. சின்னக் கல்லூரி ஒன்றில் நான்கு வருஷம், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால் ஆடினான். தடுக்கும் வரிசையில் எல்லோருக்கும் பின்னால் நிற்கும் கடைசி ஆள். முன்னால் நிற்கிற பத்துப் பேரும் கோட்டை விட்டால் அவன்தான் பிடிக்க வேண்டும். பெரிய அணிகள் ஆள் எடுக்கும் நாளில் குடும்பமே ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டு சுற்றிலும் அவன் பெயர் வரவில்லை. அப்புறம் வடக்கே குளிர் ஊர் அணி ஒன்று, வந்துதான் பாரேன் என்பது போல ஒரு இடம் கொடுத்தது. முகாமில் தொண்ணூறு பேர். கடைசியில் நிற்கப்போவது நாற்பத்தேழு.

கழித்துவிடும் முறையை அவன் போனில் சொல்லித்தான் வீட்டில் தெரியும். காலையில் ஒருவர் வந்து கதவைத் தட்டுவார். "கோச் கூப்பிடுறார், புத்தகத்தை எடுத்துக்கிட்டு வா" என்பார். அவ்வளவுதான். புத்தகம் என்றால் அணியின் ஆட்டத் திட்டங்கள் எல்லாம் அடங்கிய தலையணை மொத்தக் கட்டு. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மத்தியானம் ஊருக்கு விமானம். புத்தகம் கையில் இருக்கும் வரை ஆளும் இருக்கிறான். ஜூனில் ஒரு வாரம் வந்திருந்தபோது முடிவெட்டப் போனால்கூட அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போனான். வேதப் புத்தகத்தை இப்படி வைத்திருந்தால் இந்நேரம் மோட்சமே கிடைத்திருக்கும் என்று மிஸ் ஆர்டெல் கேலி செய்தாள்.

எல்பர்ட் கெளுத்திமீன் குட்டைகளுக்கு இரை போடும் வேலையில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். படிப்பு நாலாவதோடு சரி. அதனாலேயே புத்தகம் என்றால் மரியாதை. தினமும் ஏழு மணிக்கு அவர் மகனிடம் கேட்டது ஒரே கேள்வி.

"புத்தகம் கையில இருக்கா?"

"இருக்குப்பா."

"அப்ப போய்ப் படி."

போனை வைத்துவிடுவார். இருதயம் பெருத்து, மூச்சு வாங்கிய கடைசி வாரத்திலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்கு வந்தார். சாவுக்கு முந்தின நாள், திங்கட்கிழமையும் வந்தார்.

பெண்கள் போன பிறகு அடுத்த வீட்டு மிஸ் ஆர்டெல் மட்டும் இருந்து பாத்திரம் துடைத்தாள். வெர்னெட்டாவின் அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் உரிமையோடு அதட்டுகிறவள் அவள் ஒருத்திதான்.

"பெத்த அப்பன் செத்ததை மறைக்கிறது பாவம் கண்ணு," என்றாள்.

"அப்பாதான் சொன்னாரு மிஸ் ஆர்டெல். வியாழக்கிழமை ஆட்டம் முடியிற வரைக்கும் சொல்லாதேன்னு."

மிஸ் ஆர்டெல் துணியைப் பிழிந்து காயப்போட்டாள். செத்தவர் சொல்லுக்கு மேல் சொல் இல்லை.

ஆனால் எல்பர்ட் அப்படி எதுவும் சொல்லவில்லை. அன்று காலை கெல்வினைக் கூப்பிடு என்றுதான் சொன்னார். கையில் கட்டியிருந்த வாட்சைத் தூக்கிப் பார்க்கத் தெம்பில்லாமல், "ஏழு ஆச்சா?" என்று கேட்டார். முகாமின் நம்பர் போனுக்குப் பக்கத்துச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தது. பயிற்சி நேரத்தில் கூப்பிட்டால் பையன் பதறிப்போவான், கோச் முகம் சுளிப்பார், சாயங்காலம் அவனே கூப்பிடப்போகிறான் என்று வெர்னெட்டா கணக்குப் போட்டாள். "இன்னும் இல்லப்பா," என்றாள். இன்னொரு முறை கேட்டார். இன்னும் இல்லை என்றாள். பத்து மணிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவனிடம் எப்படிச் சொல்வது? இப்போதே சொன்னால் ஓடி வந்துவிடுவான். வியாழக்கிழமை நடப்பது கடைசிப் பயிற்சி ஆட்டம். யார் யார் நிற்பது என்று முடிவு செய்வதே அதை வைத்துத்தான். களத்தில் இல்லாதவன் பெயரை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? அப்பாவும் போய், அந்த இடமும் போக வேண்டுமா? நல்லதுக்குத்தான் செய்கிறோம் என்று தனக்கே நூறு முறை சொல்லிக்கொண்டாள். நூறு முறை சொல்ல வேண்டியிருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஊர் சேர்ந்து அந்தப் பொய்யைக் காத்தது. அடக்கம் செய்யும் மிஸ்டர் பிக்கெட் உள்ளூர் ரேடியோவின் மரண அறிவிப்பில் பெயரை வியாழன் வரை போடாமல் வைத்தார். முடிதிருத்தும் கடையில் யாரும் முகாமுக்குக் கூப்பிட்டு அனுதாபம் சொல்லிவிடக் கூடாது என்று பாஸ்டரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

புதன்கிழமை ஏழு மணிக்கு வெர்னெட்டா ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள் என்று சொல்வதாக இருந்தாள். அவன் அப்பாவைக் கேட்கவே இல்லை. காலையில் மூன்று பேரைக் கழித்துவிட்டார்கள், பக்கத்துக் கட்டில்காரனும் போய்விட்டான் என்றான். நாளைக்குப் பந்தை உதைத்துத் தொடங்கும்போது ஓடிப்போய் எதிராளியைச் சாய்க்கும் கூட்டத்தில் தன்னையும் விடுகிறார்கள் என்றான். நீ சாப்பிட்டியா என்று அவளைக் கேட்டான். இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். "புத்தகம் இருக்குக்கா," என்று சொல்லி வைத்துவிட்டான். தயார் செய்த பொய் வாயிலேயே இருந்தது.

வியாழக்கிழமை ஆட்டத்தை அப்பாவின் பிக்கப் வண்டியில் உட்கார்ந்து கேட்டார்கள். தூரத்து நிலையம் அந்த வண்டி ரேடியோவில்தான் எடுக்கும். மிஸ் ஆர்டெல் மடியில் ஒரு தட்டுக் கோழியோடு ஏறிக்கொண்டாள். வர்ணனை சொல்கிறவர் கெல்வின் பெயரை இரண்டு முறை சொன்னார். முதல் முறை, பந்தைப் பிடித்தவனை இருபதாம் கோட்டிலேயே சாய்த்தபோது. மிஸ் ஆர்டெல் எலும்பை வைத்துக்கொண்டே கைதட்டினாள். மூன்றாம் பகுதியில் எதிரணி தூக்கி எறிந்த பந்து அவனுக்குப் பின்னால் ஓடியவன் கையில் போய் விழுந்தது. டாலிவர் ஒரு அடி பிந்திவிட்டார் என்றது ரேடியோ. அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆறு புள்ளி.

"ஒரு அடிதானே," என்று மிஸ் ஆர்டெல் சத்தத்தைக் குறைத்தாள்.

அதற்கப்புறம் அவன் பெயர் வரவில்லை. ஆட்டம் முடிந்து அவன் விடுதிக்குத் திரும்பியதும் வெர்னெட்டா கூப்பிட்டு, அப்பா போனதையும் சனிக்கிழமை அடக்கம் என்பதையும் சொன்னாள். அழுவான், கத்துவான், தன்னைத் திட்டுவான் என்று எல்லாவற்றுக்கும் மனதைக் கட்டி வைத்திருந்தாள்.

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டான்.

"பதினொண்ணு."

"வந்துடுறேன்."

எப்போது போனார், எப்படிப் போனார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தான். தோள் ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. மூக்கின் மேல் காயம். வந்தவர்கள் எல்லோரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா மேலே இருந்து பார்ப்பார், இனிமேல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் டிவியில்தான் உன்னைப் பார்க்க வேண்டும் என்றார்கள். "ஆமாங்க," என்று எல்லோருக்கும் சொன்னான்.

சனிக்கிழமை காலை அவன் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது வெர்னெட்டா வெள்ளைச் சட்டையைத் தேய்ப்பதற்காக அவன் பையைத் திறந்தாள். சட்டை மேலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு மூடியிருக்கலாம். கையை உள்ளே விட்டு அடிவரை துழாவினாள். உள்ளாடைகள், ஒரு ஜோடி பூட்ஸ், சோப்பு டப்பா. கட்டிலுக்குப் போய்த் தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். அங்கேயும் புத்தகம் இல்லை.

தேய்ப்புப் பெட்டி சூடாகும் வரை அதன் எதிரில் நின்றாள். அப்பா கேட்டதையும் கொடுக்காமல், இவனுக்கு அந்த இடமும் கிடைக்காமல், நான் செய்ததுதான் என்ன? அழுகை வரவில்லை.

கெல்வின் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து மேசையோரம் உட்கார்ந்தான். யாருடைய தட்டோ தெரியவில்லை, ஒரு கேக்கை விரலாலேயே கிள்ளித் தின்றான்.

"எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும்க்கா."

அவள் திரும்பவில்லை.

"அப்பா தூங்கினா நீ கிசுகிசுன்னுதான் பேசுவே. கதவுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு அன்னைக்கு அந்தக் கத்துக் கத்தினே."

"தெரிஞ்சும் ஏன்டா கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவே. சொல்லிட்டா நான் கிளம்பி வரணும்." கேக்கைத் தள்ளி வைத்தான். "நீ பொய் சொன்னது எனக்கு வசதியா இருந்துச்சு. ரெண்டு நாளா அதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். பந்து மேல வரும்போதுகூட."

சட்டைக் கழுத்தில் பெட்டியை வைத்து அழுத்தினாள்.

"மிஸ் ஆர்டெல் நேத்து சொன்னாங்க," என்றான். "அப்பாவே சொன்னாராமே, ஆட்டம் முடியிற வரைக்கும் சொல்லாதேன்னு. அவரே ஆடுன்னு சொல்லிட்டுப் போனாருன்னா சரி. அது மட்டும் இல்லேன்னா, நான்..." நிறுத்திவிட்டு அவள் முதுகைப் பார்த்தான். "சொன்னாருல்ல?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இனி வராது என்று அவளுக்குத் தெரியும். அவனுடைய பெரிய கைகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன. அவனுடைய நாலு வயதில் அம்மா சாவுக்கு அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு போனது இவள்தான்.

"சொன்னாருடா," என்றாள். "அப்படித்தான் சொன்னாரு."

அவன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. சட்டையைக் கொடுத்தாள். போட்டுக்கொண்டான்.

கோயிலில் கூட்டம் நிறைந்திருந்தது. வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் விசிறி கொடுத்தபடி நடந்தார்கள். சவப்பெட்டியை மூடுவதற்கு முன் ஊரார் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியில் குடும்பத்தின் முறை. குடும்பம் என்று இவர்கள் இரண்டு பேர்தான்.

கெல்வின் முதலில் குனிந்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவன் முதுகு குலுங்குவது மட்டும் தெரிந்திருக்கும். பக்கத்தில் நின்ற வெர்னெட்டாவுக்குக் கேட்டது.

"புத்தகத்தைக் குடுத்துட்டேன்ப்பா. நேத்துக் காலையில."

நிமிர்ந்து, யாரையும் பார்க்காமல் முதல் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தான். மிஸ் ஆர்டெல் பின்னாலிருந்து அவன் தோளைத் தட்டினாள்.

மிஸ்டர் பிக்கெட் மூடியில் கை வைத்துக் காத்திருந்தார். வெர்னெட்டா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைப் பார்த்தாள். கோட்டுக் கைக்குக் கீழே அந்த வாட்ச் இருந்தது. தினமும் சாவி கொடுக்க வேண்டிய பழைய வாட்ச். செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் யாரும் கொடுக்கவில்லை, நாலேகால் மணியில் நின்றிருந்தது.

குனிந்து அதன் திருகை நகத்தால் வெளியே இழுத்தாள். முள்ளை மெதுவாகச் சுற்றி ஏழுக்குக் கொண்டு வந்து நிறுத்தினாள். திருகை உள்ளே தள்ளி, கோட்டுக் கையை அதன் மேல் இழுத்துவிட்டுவிட்டு, மிஸ்டர் பிக்கெட்டைப் பார்த்துத் தலையசைத்தாள்.