நடக்கக் கூடாதவர்

சக்கர நாற்காலியின் இடது டயருக்கு அவள் பம்ப் வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். காற்று உள்ளே போன வேகத்திலேயே வெளியேயும் வந்துகொண்டிருந்தது. கட்டில் விளிம்பில் அப்பா நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வேர்வை.

"வலி கைக்கு வந்துடுச்சாங்க?" என்று கேட்டாள் அம்மா.

"அது அப்பவே வந்துடுச்சு. டயருக்குக் காத்து வந்துச்சான்னு கேளு."

ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம் ஆகும் என்று போனில் ஒரு பெண் இனிமையாகச் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரி தெருமுனை திரும்பியதும் இருக்கிறது. சமையலறைக்கும் வாசலறைக்குமாகத் தினமும் நாற்பது நடை நடக்கிறவருக்கு அது ஒரு தூரமே இல்லை. ஆனால் அந்த நாற்பதும் ஜன்னல் திரையை மூடிய பிறகு நடப்பவை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தவரை, பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்த ஒரு லாரி சுவரோடு வைத்து நெருக்கியது. இடுப்பெலும்பு மூன்று துண்டு. எட்டு மாதம் படுக்கை. வேலை போனது, வீடு அடமானத்துக்குப் போனது. இதில் பொய் ஒன்றும் இல்லை. ஒன்பதாவது மாதம் அவர் எழுந்து நின்றபோது வீடே அழுதது. செய்தி கேட்டு நஷ்டஈட்டுக் கேஸை நடத்திய வக்கீலும் கிட்டத்தட்ட அழுதார், காரணம்தான் வேறு.

"நடங்க, சந்தோஷம். ஆனா தெருவுல நடக்காதீங்க. லாரிக் கம்பெனிக்காரன் கேமராவோட ஆளு அனுப்புவான். என் கட்சிக்காரர் ஒருத்தர், எழுந்திரிக்கவே முடியாதுன்னு சர்ட்டிபிகேட் வெச்சிருந்தவர், மச்சினன் கல்யாணத்துல ஆடிட்டார். கேஸ் அங்கயே படுத்துடுச்சு."

அன்றிலிருந்து வாசற்படிக்கு அந்தப் பக்கம் நாற்காலி, இந்தப் பக்கம் கால்.

பம்ப் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு டெய்லர் எட்டிப் பார்த்தார். நிலைமை புரிந்ததும் ஸ்கூட்டரை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்.

"நடுவுல உக்கார வை பாப்பா. நீ பின்னாடி ஏறிப் புடிச்சுக்க. ரெண்டே நிமிஷம்."

அவள் யோசித்துச் சொல்லவில்லை. மூன்று வருஷமாக யார் கேட்டாலும் சொல்லிச் சொல்லிப் பழகியது, தும்மல் மாதிரி வந்துவிட்டது.

"வேண்டாம்ணே. அப்பாவால கால அகட்ட முடியாது."

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். சபாஷ் என்கிற பார்வை. அல்லது வேறு ஏதோ. எது என்று முடிவு செய்ய அவளுக்கு இனி நிறைய வருஷங்கள் இருக்கின்றன.

டயரில் காற்று நிற்கவே இல்லை. வெறும் ரிம்மிலேயே தள்ளிக்கொண்டு போனார்கள். தெருமுனைக்கு முன்பே அப்பாவின் தலை சாய்ந்துவிட்டது. கவுன்ட்டரை மூடிவிட்ட குமாஸ்தாவின் குரலில் டாக்டர் சொன்னார்: "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருக்கலாம்."

மதியம் அப்பா வாசலறையில் கிடந்தார். அம்மா எழுந்து போய் ஜன்னல் திரையை மூடினாள். "கொஞ்சம் வெளிச்சம் வரட்டும்க்கா," என்று சித்தி திறந்தாள். அம்மா மறுபடி மூடினாள். மூன்றாவது தடவை சித்தி விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்கு வக்கீல் மாலையோடு வந்தார். அப்பாவின் காலடியில் தலை குனிந்து நின்றார். முறையான நேரத்துக்குச் சற்று அதிகமாகவே நின்றார். பிறகு அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போனார்.

"நல்ல மனுஷன்மா. நான் சொன்னத ஒருநாளும் மீறினதில்ல."

"ஆமா சார். கடைசி வரைக்கும் மீறல."

அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். டைப் அடித்தே கொண்டுவந்திருந்தார்.

"இந்த நேரத்துல பேசக்கூடாதுதான். ஆனா இனிமே இது சாவு கேஸ். மூணு வருஷம் எழுந்து நடமாட முடியாம உக்காந்தே கெடந்தார், அதுல ரத்தம் கட்டி இதயம் நின்னுடுச்சு. இதான் நம்ம தரப்பு. வீடு தப்பிச்சுடும்மா."

"அவர் நடந்தாரே சார். தினம் நாப்பது நடை."

"யார் பார்த்தா?"

அவள் வாசலறைப் பக்கம், மூடிக் கிடந்த திரையைப் பார்த்தாள்.

"வீட்டு ஆளுங்க சொன்னா நம்ப மாட்டாங்க. வெளியாள் சாட்சி வேணும். அதுவும் தானா அமைஞ்சிருக்கு. அந்த டெய்லர் ஸ்கூட்டர் கொண்டு வந்தாராமே? கால அகட்ட முடியாதுன்னு நீயே சொன்னியாமே? வாசல்ல உக்காந்து அழுதுகிட்டிருக்கார். தங்கமான சாட்சி. ரெண்டு பேரும் ஒரு கையெழுத்து."

ஜன்னல் வழியே டெய்லரின் குரல் கேட்டது. "தூக்கியாவது உக்கார வெச்சிருக்கணும். கால அகட்ட முடியாதுன்னுச்சு, விட்டுட்டேன்." வருகிற ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் தாளோடு வெளியே போய் அவர் பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னால், தப்பு அவள் பொய்யில்தான் என்று அவர் பாரம் இறங்கும், வீடு போகும். சொல்லாவிட்டால் வீடு நிற்கும். இந்த மனுஷன் இதையே கோர்ட்டில் ஒரு தடவையும் தனக்குள் ஆயுசு முழுக்கவும் சொல்லிக்கொண்டிருப்பார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அப்பா..."

"நடப்பாரு," என்றார் டெய்லர், தரையைப் பார்த்தபடியே. "தெரியும் பாப்பா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் பைஜாமா எல்லாம் என்கிட்டதான வரும்? உக்காந்தே இருக்கறவனுக்கு உக்கார்ற எடத்துல தேயும். உங்கப்பாவோடது கீழ, குதிங்கால்கிட்ட தேஞ்சு வரும். எத்தன தடவ மடிச்சுத் தெச்சிருக்கேன்."

"அப்ப காலைல ஏண்ணே..."

"நீ முடியாதுன்ன. கேஸு இருக்கு, நாம போய்க் கெடுப்பானேன்னு..." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "வண்டியத் திருப்பிட்டேன்."

"இப்பவும் எல்லார்கிட்டயும் அப்படியேதான சொல்றீங்க."

"வேற என்னத்தச் சொல்லி அழறது?"

உள்ளேயிருந்து வக்கீல் கேட்டார். "ஆச்சாம்மா?"

அவள் எழுந்தாள். மடியிலிருந்த தாள் நழுவிப் படியில் விழுந்து, மெல்லத் தெருவுக்கு இறங்கியது. பெரிய காற்று ஒன்றும் இல்லை. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். டெய்லரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

வக்கீல்தான் ஓடினார். அவர் குனிந்ததும் தாள் மூன்றடி தள்ளிப் போனது, மறுபடி குனிந்ததும் மறுபடி. துக்கத்துக்கு வந்தவர்கள், நெருங்கிய சொந்தம்போல என்று நினைத்து, அவருக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள்.