பாண்டிமீனா காட்டிய ஓட்டை

‘உங்களால் வர இயலாது என்று எழுதியிருந்தீர்கள். உங்களோடு சேர்ந்து ஓட்டையைக் கண்டுபிடித்த சாய்பிரசாத்தை நாளைக் காலை பத்து மணி வேலை இன்டர்வியூவுக்குச் சென்னைக்கு அழைத்திருக்கிறோம்.’

மெயில் கம்பெனியின் கடிதம் அப்போதுதான் இன்பாக்ஸில் வந்து விழுந்திருந்தது. தல்லாகுளம் பிரவுசிங் சென்டரில் பாண்டிமீனாவுக்குக் குப்பென்று வியர்த்தது. வரமாட்டேன் என்று அவள் எழுதவே இல்லை. இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டதே தெரியாது. அந்த அழைப்புக்காகத்தான் மூன்று வாரமாக அழகர்கோவிலிலிருந்து தினமும் பஸ் ஏறி மெயில் பார்க்க வந்துகொண்டிருந்தாள்.

அந்த இலவச மெயில் கம்பெனியின் ஓட்டையைக் கண்டுபிடித்தது அவள் ஒருத்திதான். கடிதத்துக்குள் சின்ன புரோகிராமை ஒளித்து அனுப்பினால், திறந்ததும் அது தானே ஓடி, ‘பாஸ்வேர்டை மறுபடி கொடுங்கள்’ என்று போலிப் பக்கத்தைக் காட்டும். கொடுத்தால் அனுப்பினவன் கைக்குப் போய்விடும். கம்பெனிக்கு எழுதிப்போடும் முன் ஒரே ஒருவனிடம் செய்து காட்டினாள். கூடப் படித்த சாய்பிரசாத்திடம்.

போன வாரம் அவன் அனுப்பிய புத்தாண்டு வாழ்த்தைத் தேடி எடுத்தாள். திறந்தபோது பாஸ்வேர்ட் கேட்டது ஞாபகம் வந்தது. இங்கே லைன் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் அறுந்து, திரும்பத் திரும்பக் கேட்கும். யோசிக்காமல் அடித்திருந்தாள்.

அந்த வாழ்த்துக்குள் ஒளிந்திருந்த வரிகளை விரித்தாள். அவளுடைய புரோகிராமேதான். நடுவில் அவள் அடையாளத்துக்கு வைத்திருந்த அம்மா பெயர், ஒச்சம்மாள், அப்படியே இருந்தது. களவாணிக்கு அதை மாற்றக்கூடப் பொறுமையில்லை.

“என்ன மீனா, இம்புட்டு வேர்க்குது?” தோளில் பையோடு சாய்பிரசாத் வந்து நின்றான். “சென்னைக்குப் போறேன். சொந்தத்துல கல்யாணம்.”

“முகூர்த்தம் நாளைக்குப் பத்து மணிக்கா?”

அவன் பார்வை திரைக்குப் போனது. முகம் சுண்டிவிட்டது.

“உங்க வீட்ல சென்னைக்கெல்லாம் விடமாட்டாகன்னு... வீணாப் போற சான்ஸுதானேன்னு...”

“எங்க வீட்ல வந்து கேட்டியா? என்கிட்டயாச்சும் கேட்டியா?”

அவன் பையை மறு தோளுக்கு மாற்றினான்.

“அக்காவுக்கு எழுதுனதையும் படிச்சியா?”

சாய்பிரசாத் தலையைத் தொங்கப் போட்டான். ‘நம்பிப் பேச இங்கே எனக்குச் சாய் ஒருத்தன்தான்’ என்று அக்காவுக்கு எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டும், வந்த அழைப்பை அழித்து, அவள் பேரில் வரமாட்டேன் என்று எழுதியிருக்கிறான்.

“இப்ப நீ மறுத்து எழுதினாலும் நம்ப மாட்டாங்க மீனா. எல்லாம் உன் பேர்லதான போயிருக்கு” என்றான் மெல்ல.

“எழுதுனாத்தான? நேர்ல வாரேன். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் குடுத்து, அந்தப் புரோகிராமை எழுதச் சொல்லட்டும். எங்காத்தா பேரையும் சேத்தே எழுதுவியா மாப்ள?”

வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு, மாட்டுத்தாவணியில் சென்னை பஸ் ஏறினாள். பின்னாலேயே அவனும் ஏறினான். பக்கத்து இடம் காலியாக இருந்தது. பாண்டிமீனா பையைத் தூக்கி அதில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, அவன் கண்ணில் படாமல் அழுதாள்.