முப்பத்தொரு குரல்கள்

விடுதியின் சலவை அறையில் வெர்லீன் கடைசி விரிப்பை மடித்துக்கொண்டிருந்தபோது கைபேசி மூன்றாம் முறையாக அதிர்ந்தது. கிளியோஃபஸ் மேஸிக். துறைமுகத்தில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவர். அவள் தெருவிலேயே நான்காவது வீடு.

"வேல முடிஞ்சதும் நேரா இங்க வா. கடுதாசி ஒண்ணு வந்திருக்கு. எழுத்து பொடிப்பொடியா இருக்கு."

பேருந்தை விட்டு இறங்கினாள். வெள்ளை வண்டி ஒன்று ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று நின்று ஊர்ந்தது. உள்ளே இருந்தவன் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் தெரு இருந்த கில்லியர்ட் பள்ளம், அமெரிக்காவில் அடிமைத்தளை அறுந்த கையோடு செங்கல்சூளைகளில் உழைத்த கறுப்பர்கள் குடியேறிய இடம். அதன் கதைகளைச் சேகரிக்க நூலகம் ஆள் கேட்டபோது வெர்லீன்தான் முதலில் கை தூக்கினாள். இரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் ஒலிப்பதிவுக் கருவியோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். முப்பத்தொரு பேர். "நம்ம கதை நம்ம வாயாலயே இருக்கட்டும்" என்று சொல்லித்தான் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் தாளில் கையெழுத்து வாங்கினாள்.

கிளியோஃபஸ் நீட்டிய கடிதம் ஒரு வக்கீலிடமிருந்து வந்திருந்தது. ஒஹாயோவில் இருக்கும் தாத்தா வழி வாரிசு ஒருவன் தன் பங்கை ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு விற்றுவிட்டான். பாகம் பிரிக்காத சொத்து என்பதால் நிறுவனம் மொத்த மனையையும் ஏலம் விடக் கேட்டு வழக்குப் போட்டிருந்தது. வெர்லீன் படித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"என்னம்மா?"

"'தாத்தா உயில் எழுதல. எல்லாருக்கும் பொதுவுன்னு விட்டுட்டாரு. சித்தப்பா மகன் லூதர் ஒஹாயோவுக்குப் போனான், அவன் மகன் அங்க டேட்டன்ல பஸ் ஓட்டுறதா கேள்வி.' இது நீங்க எங்கிட்ட சொன்னது, பெரியப்பா. பதிவுல எத்தனாவது நிமிஷம்னு கூடப் போட்டிருக்காங்க."

கிளியோஃபஸ் கடிதத்தை வாங்கி மடித்தார். "நீ கேட்ட, நான் சொன்னேன். லூதர் பையன அவங்க கண்டுபிடிச்சிட்டாங்க. நாங்க தேடித் தேடிப் பார்த்தும் கெடைக்காதவன்."

மறுநாள் நூலகப் பெண் வெர்லீனின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"பொதுப் பதிவுங்க. யாரு வேணாலும் கேக்கலாம்."

"அழிச்சிடுங்க."

"முடியாதுங்க. ஒப்புதல் தாளெல்லாம் நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க?" சற்றுத் தயங்கித் திரையை அவள் பக்கம் திருப்பினாள். முப்பத்தொரு பதிவுகளையும் அந்தக் கட்டுமான நிறுவனம், ஒரே வாரத்தில், கடைசி விநாடிவரை கேட்டிருந்தது.

மற்றவர்களை எச்சரிக்கலாமென்று அன்று மாலை தெருவில் இறங்கினாள். விஷயம் அவளுக்கு முன்பே பரவியிருந்தது. எர்னஸ்டீன் பூட்ஸ்மன் கம்பிக்கதவைத் திறக்கவேயில்லை.

"இன்னும் எதக் கேக்க வந்திருக்க?"

"நான் ஒண்ணும் கேக்க வரல அக்கா, சொல்லத்தான்..."

"எங்க அப்பன் பேரு, சித்தப்பன் பேரு, யாரு எங்க செத்தான்னு எல்லாத்தையும் அள்ளிக் குடுத்தாச்சு. போடி."

அடுத்த வீட்டில் விளக்கு அணைந்தது. அதற்கடுத்த வீட்டில் திரைச்சீலை மட்டும் அசைந்தது.

இலையுதிர்காலத்தில் கிளியோஃபஸின் வீட்டுக்கு ஏல உத்தரவு வந்தது. அதற்குள் இன்னும் ஆறு வீடுகளுக்குக் கடிதம் வந்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்குப் புறப்பட்ட வெர்லீன் அவர் வீட்டெதிரே நின்றாள். தலைக்கவசம் அணிந்த இருவர் குழி தோண்டி வெண்கலப் பலகை ஒன்றை நட்டுக்கொண்டிருந்தார்கள். 'செங்கல் அறுத்து இந்நகரைக் கட்டிய கறுப்பின மக்கள் இங்கே வாழ்ந்தார்கள்' என்று அதில் பொறித்திருந்தது. கீழே, கட்டப்போகும் குடியிருப்பின் பெயர்.

வேலிக்கு உள்ளே கிளியோஃபஸ் வெண்டைச் செடிகளுக்குக் குழாயால் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வழிந்த நீர் நடைபாதையைத் தாண்டிக் குழியை நோக்கி ஓடியது.

"பெரியவரே," என்றான் ஒருவன், மரியாதையாகவே. "கொஞ்சம் அந்தப் பக்கமா திருப்பிக்குங்க. சிமென்ட் காயணும்."