அதே பந்தை மறுபடி வீசியவன்

டேரியன் புடுரோ எங்கள் அணிக்காகப் பேஸ்பாலின் பெரிய லீக்கில் முதன்முதலாகப் பந்து வீசியது ஏப்ரலில் ஒரு பிற்பகல். கிளீவ்லாந்தில் எலும்பு வரை குளிர் இறங்கியிருந்தது. அவனை எடைபோட்டு அறிக்கை எழுத வேண்டியவள் நான். எங்கள் அணியின் தேர்வுப் பிரிவில் பதினோரு வருடமாக இதுதான் என் வேலை.

லூசியானாக்காரன், வயது இருபத்திரண்டு. எல்லாரும் தொண்ணூற்றைந்து மைல் வேகத்தைத் தாண்டி வீசும் காலத்தில், எண்பத்தெட்டுக்கு மேல் அவனுக்கு வராது. அந்த ஒரு எண்ணுக்காகவே என் மேலதிகாரி ஹால்வர்சனுக்கு அவனைப் பிடிக்காது. வழக்கமாகப் பந்து வீசும் பிட்சருக்கு முழங்கை வீங்கியதால்தான் அன்று அவனுக்கு இடம் கிடைத்தது.

முதல் இன்னிங்ஸிலேயே குறி தவறிய பந்துகளாகப் போட்டு, இரண்டு பேரை அடிக்காமலே பேஸுக்கு, அதாவது ஓட்டத்தின் முதல் நிலைக்கு, நடக்கவிட்டான். அடுத்து வந்தவன் புருயிட், எதிரணியின் பெரிய மட்டையாளன். டேரியன் மெதுவான வளைபந்து ஒன்றைப் போட்டான். புருயிட் பொறுத்திருந்து அடித்தான். பந்து இடது சுவரைத் தாண்டிப் போய்விட்டது: ஹோம் ரன், பேஸில் நின்ற இருவரோடு சேர்த்து மூன்று ரன். அப்புறம் இன்னொரு ரன். மொத்தம் நான்கு.

"என் பொண்டாட்டி செருப்பு வீசுற வேகம்கூட இல்லையேடா!" என்று எனக்குப் பின்னால் ஒருவன் கத்தினான். வரிசையே சிரித்தது.

ஹால்வர்சனிடமிருந்து செய்தி வந்தது: "போதும். இன்னும் தயாராகலன்னு எழுதிடு."

நான் ஆட்டத்தைத் தொடர்ந்து குறித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மூன்று இன்னிங்ஸில் ஒருவன்கூட அவன் பந்தைத் தொட்டு பேஸுக்குப் போகவில்லை.

ஐந்தாவதில் இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸில், மறுபடி புருயிட். எங்கள் மேனேஜர் பிட்சரை மாற்ற மைதானத்துக்குள் நடந்துபோய் டேரியன்முன் கையை நீட்டினார். அங்கே பேசியதை, டேரியன் வீசும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் பிறகு எனக்குச் சொன்னான்.

"பந்தக் குடு, தம்பி."

"தர மாட்டேன்."

"என்னது?"

"இவன எனக்கு விடுங்க. அடிச்சான்னா நானே வந்து பெஞ்சுல உக்காந்துக்கறேன்."

மேனேஜர் கேட்சரைப் பார்த்தார். கேட்சர் வானத்தைப் பார்த்தான். நடுவர் வந்து நேரமாகிறது என்றதும், முணுமுணுத்துக்கொண்டே மேனேஜர் திரும்பினார்.

வேகப்பந்து போடச் சொல்லி கேட்சர் சைகை காட்டினான். டேரியன் தலையாட்டி மறுத்தான். மறுபடி சைகை, மறுபடி மறுப்பு. பிறகு அதே வளைபந்தைப் போட்டான். புருயிட் அவசரப்பட்டு மட்டையை வீசினான், படவில்லை. இரண்டாவதும் அதே பந்து. லேசாக உரசி வெளியே போனது. மூன்றாவதும் அதேதான். புருயிட் சுழன்ற சுழற்சியில் தலைக்கவசம் கழன்று விழுந்தது. மட்டையில் காற்றுதான் பட்டது. புருயிட் அவுட்.

ஆறு இன்னிங்ஸோடு டேரியனை வெளியே எடுத்தார்கள். நான்குக்கு ஒன்று என்று தோற்றோம். தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் போய்க் கேட்டேன்.

"ஹோம் ரன் போன பந்தையே ஏன் மறுபடி போட்ட?"

"அது நல்ல பந்து மேடம். அவன் நல்லா அடிச்சான். அதுக்காகப் பந்து கெட்டுப்போயிடுமா?"

"திரும்பவும் அடிச்சிருந்தா?"

"உள்ள போய் அழுதிருப்பேன். அடுத்த வாரமும் அதத்தான் போட்டிருப்பேன்."

விடுதிக்குப் போகும் வழியில் ஹால்வர்சன் கூப்பிட்டார்.

"நாலு ரன், தோல்வி. இதுல எழுத என்ன இருக்கு, மார்லீன்? மேனேஜர் பேச்சையே கேக்கலையாமே!"

"ஆமா. அதயும் எழுதியிருக்கேன். 'பலம்'ங்கற தலைப்புல."

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நான் போடறேன். அது போதும்."

முதல் இன்னிங்ஸின் தடுமாற்றத்தையும் வேகக் குறைவையும் மறைக்காமல் எழுதி, கடைசி வரியில் 'அடுத்த ஆட்டத்தையும் இவனே தொடங்க வேண்டும்' என்று போட்டு, நேராக உரிமையாளருக்கே அனுப்பினேன்.

ஒரே ஒரு ஆட்டம் என்ற நிபந்தனையோடு அவனை வைத்துக்கொண்டார்கள். அதையும் தோற்றான், இரண்டுக்கு ஒன்று. மறுநாள் காலை, மூன்றாவது ஆட்டமும் அவனுக்கே வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.